பச்சையாய் எரிந்த கரிசலாங்கண்ணி

ஆமத்தூர்ப் பொன்மணியின் கைகளுக்கு வாரத்தில் ஆறு நாள் ஒரு நிறம், ஏழாவது நாள் வேறு நிறம். திங்கள் முதல் சனி வரை பட்டாசுக் கம்பெனியில் வேலை. அலுமினியப் பொடி ஏறி முழங்கை வரை வெள்ளிப் பாத்திரம் போல மின்னும். ஞாயிற்றுக்கிழமை கண்மாய் மடைக்குப் போய்க் கரிசலாங்கண்ணி பறிப்பாள். பறிக்கும்போது பச்சையாக இருக்கும் சாறு விரலில் பட்ட கொஞ்ச நேரத்தில் மை மாதிரி கறுத்துவிடும். திங்கட்கிழமை காலையில் கறுப்பு விரலோடு கம்பெனிக்குள் நுழைந்தால், போர்மேன் சீனிச்சாமி வாராவாரம் கேட்கிற கேள்வியைக் கேட்பார்.

"என்ன பொன்மணி, நேத்து எந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுட்டு வந்த? அஞ்சு விரலுக்கும் மை வச்சுருக்காகளே."

பத்து வருடமாக இதே நகைச்சுவை. பத்து வருடமாக அவளும் சிரித்துவைத்தாள். போர்மேன் ஆயிற்றே.

அவள் கரிசலாங்கண்ணி பறித்தது எண்ணெய் காய்ச்சுவதற்கு. பொன்மணியின் கூந்தலைப் பார்த்தவர்கள் அந்த எண்ணெயைக் கேட்காமல் போனதில்லை. முப்பத்தெட்டு வயதிலும் கொண்டை போட்டால் தலைக்குப் பின்னால் இன்னொரு தலை இருப்பது போலத் தெரியும். கம்பெனிப் பெண்கள் முறை வைத்து ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப்போவார்கள். அவர்களுக்கெல்லாம் முடி வளர்ந்ததா என்று கேட்டால் பொன்மணி வானத்தைப் பார்ப்பாள்.

கம்பெனியில் அவளுக்கு மணி மருந்துப் பிரிவில் வேலை. வானத்தில் போய் வெடித்துச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பூவாய் விரிகிற பேன்சி வெடி இருக்கிறதே, அதன் வயிற்றுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள்தான் மணி மருந்து. அதைப் பிடித்து, தட்டில் பரப்பி, காயவைக்க வேண்டும். காலில் செருப்பு கூடாது, கையில் வளையல் கூடாது, நைலான் சேலை கூடாது, பக்கத்தில் தண்ணீர் சிந்தக் கூடாது. எந்த உப்பு எந்த நிறம் தரும் என்பது அவளுக்கு மனப்பாடம். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் ராத்திரி வானத்தில் ஒரு வெடி விரிந்தால், "இதுல தாமிரம் தூக்கல், நீலம் போடப் போயிப் பச்சையடிச்சுருச்சு" என்று சொல்லிவிடுவாள். அவள் புருஷன் ஊர்க்காவலன் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவனுக்கு எல்லாம் ஒரே வெளிச்சம்தான்.

இப்படி இருந்தவள் வாழ்க்கையில் 2007ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், விருதுநகர் போகும் டவுன் பஸ்ஸில், ரீனா டீச்சர் வந்து உட்கார்ந்தாள்.

ரீனா விருதுநகரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். முப்பது வயது. மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு கனத்த பை, மனசுக்குள் முடியாத ஒரு பிஎச்.டி. பக்கத்தில் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் பொன்மணி தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். எண்ணெயைப் பற்றிக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ரீனா கொண்டையைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள்.

"அக்கா, இது கரிசலாங்கண்ணிக் கறைதான? எங்கன பறிச்சீக?"

தன் தலையைத் தாண்டி விரலைப் பார்த்த முதல் மனுஷி. பொன்மணிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பஸ் விருதுநகர் சேர்வதற்குள் இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரீனா ஆமத்தூர்க் கண்மாய் மடையில், சுரிதாரை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, சேற்றில் நின்றாள்.

ரீனாவுக்கு வேண்டியது அந்தச் செடிக்குள் இருக்கும் ஒரு சத்து. வெடலோலாக்டோன் என்று பெயர். பொன்மணியால் கடைசி வரை அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததில்லை. "அந்தச் சத்து" என்பாள். அது என்ன செய்யும் என்பதை மட்டும் ரீனா அவளை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினாள்.

ஒரு கண்ணாடிக் குழாயில் பால் பவுடர் கரைத்த தண்ணீர். அதில் இரண்டு சொட்டு ஒரு நொதி. நம் வயிற்றில் சோற்றையும் பருப்பையும் கறியையும் வெட்டிப்போடுகிற கத்தரிக்கோல் போன்றவை நொதிகள். அதில் இது ஒரு ஜாதி. சற்று நேரத்தில் வெள்ளைப் பால் கலைந்து, தெளிந்து, குழாய்க்கு அப்பால் இருந்த சுவர்க் கடிகாரம் தெரிந்தது. அடுத்த குழாயில் அதே பால், அதே நொதி, கூடவே கரிசலாங்கண்ணிச் சாரம். கடிகாரம் அவ்வளவு சீக்கிரம் தெரியவில்லை. பால் பிடிவாதமாக மங்கலாகவே நின்றது.

"கத்தரி மாட்டிக்கிருச்சு," என்றாள் பொன்மணி.

அவ்வளவுதான் விஷயம் என்று ரீனா கைதட்டாத குறையாகச் சொன்னாள். உடம்புக்குள் ஆயிரக்கணக்கான கத்தரிகள் வேலை செய்கின்றன. எந்தக் கத்தரி எந்த நோயில் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க, ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்துவதற்குப் பெரிய ஊர் ஆராய்ச்சிக்கூடங்களில் இந்த மாதிரிச் சத்துகளைத்தான் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி, கடலைமணி அளவுப் பொடி இருந்த ஒரு சின்னக் குப்பியைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்துக் காட்டினாள். வெளிநாட்டிலிருந்து வந்தது. மருந்து இல்லை, மருந்துக்கு வழி காட்டுகிற சாமான்.

பொன்மணிக்கு அது புதிதாகப் படவில்லை. கம்பெனியில் பத்துக் குழாய் வெடி ஒன்று ஒழுங்காக விரியவில்லை என்றால், எந்தத் திரி எந்தக் குழாய்க்குப் போகிறது என்று பார்க்க ஒரு திரியை மட்டும் உருவிவிட்டுக் கொளுத்துவார்கள். எது மௌனமாக இருக்கிறதோ, உருவிய திரி அதனுடையது. அதைச் சொன்னதும் ரீனா நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். தான் சொன்னதை ஒரு காலேஜ் டீச்சர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே பொன்மணி வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

புரட்டாசிக்குள் மூன்று முறை செடி பறித்து, காயவைத்து, பையில் கட்டி, மேலே தேதி எழுதிக் கொடுத்தாள். ரீனா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வெயிலில் காயப்போடக் கூடாது; நிழலில், காற்றில் காய வேண்டும். பொன்மணி வீட்டில் கயிற்றுக்கட்டிலில் பரப்பினாள். அந்த நாட்களில் ஊர்க்காவலன் தரையில் படுத்தான். கட்டிலைச் செடிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் புரளுகிற ஆம்பளை இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று லோடு ஏற்றப் போன இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தீபாவளி முடிந்தது. சீசன் ஓய்ந்து கம்பெனிக்கு லீவு விட்டார்கள். மழை பிடித்தது. கண்மாய் மடையில் கரிசலாங்கண்ணி முழங்கால் உயரம் கொழுத்து நின்றது. மழைக்குப் பிந்தின செடியில் சத்து கூடுமா என்று பார்க்க வேண்டும், நாலாவது பை சீக்கிரம் வேண்டும் என்றாள் ரீனா. பொன்மணி இரண்டு சாக்கு நிறையப் பறித்துவிட்டாள். பறித்த பிறகுதான் சங்கடம் புரிந்தது. கூரை ஒழுகியது. கட்டிலில் கொள்ளாது. இரண்டு நாளில் அடிச்செடி பூசணம் பிடிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

மணி மருந்து காயவைக்கிற தட்டுகள். மரச்சட்டம், அடியில் சாக்குத்துணி. காற்று மேலேயும் போகும், கீழேயும் போகும். ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டால் ஒரு மூலையே போதும். கம்பெனி ஷெட்டில் அடுக்கடுக்காய்ச் சும்மா கிடக்கின்றன. சீனிச்சாமியிடம் சாவி இருக்கிறது. அவர் பெண்சாதிக்கு இரண்டு பாட்டில் எண்ணெய் கொடுத்தாள். பத்துத் தட்டு வந்தது. கம்பெனிச் சாமானை வெளியே எடுப்பது பெரிய குற்றம் என்பதால், தட்டைத் தான் தரவும் இல்லை, அவள் வாங்கவும் இல்லை என்று சீனிச்சாமி மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

தட்டுகளைப் பூந்துடைப்பத்தால் நன்றாகத் துடைத்தாள். கழுவவில்லை. அந்தத் தட்டில் தண்ணீர் படக் கூடாது என்பது இருபது வருடமாக அவள் கைக்குள் ஊறிய சட்டம். அலுமினியப் பொடி ஈரம் பட்டால் சூடேறும். மணி மருந்துக்காரிகள் யாரும் தட்டைக் கழுவியதாகச் சரித்திரமே இல்லை. துடைத்தால் சுத்தம். தன் உள்ளங்கை ரேகையில் பதினைந்து நாள் லீவுக்குப் பிறகும் மினுங்குகிற பொடி அவளுக்கு அழுக்காகத் தெரிந்ததே கிடையாது. சாக்குத்துணிக்குள் இருந்தது மட்டும் எப்படித் தெரியும்?

செடி மூன்றே நாளில் மொறுமொறுவென்று காய்ந்தது. அவ்வளவு அழகாக அதுவரை காய்ந்ததே இல்லை.

மார்கழி பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, சனிக்கிழமை மத்தியானம், எதிர்வீட்டு ஒரு ரூபாய் போனுக்கு ரீனா கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் நுரைத்தது. உடனே புறப்பட்டு வரச் சொன்னாள்.

ஆய்வுக்கூடத்தில் நாலு குழாய் வரிசையாக நின்றது. முதல் மூன்று பைகளின் சாரம் ஊற்றிய குழாய்கள் நேரம் போகப் போக மெல்லத் தெளிந்தன. நாலாவது பைக் குழாய் அசையவே இல்லை. கறந்த பால் போல, ஒரு மணி நேரம் கழித்தும் வெள்ளையாக நின்றது. கத்தரி மாட்டிக்கொண்டது மட்டும் அல்ல, செத்தே போயிருந்தது. ரீனா அதை ஏழு முறை செய்து பார்த்துவிட்டாளாம். மழைக்குப் பின் பறித்த செடியில் தடுக்கும் சக்தி இரண்டு மடங்குக்கு மேல் என்று கட்டுரை எழுதியாகிவிட்டது. வருகிற சனிக்கிழமை மதுரையில் பெரிய கருத்தரங்கு. வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அதில் வாசித்துவிட்டால் ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருக்கும் பிஎச்.டி. முடிந்தது போலத்தான்.

ரீனா அச்சடித்த தாள்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை நீட்டினாள். நாலு வரி ஆங்கிலம். நடுவில் ஒரு வார்த்தையின் கீழே பென்சிலால் கோடு.

"இது உங்க பேரு அக்கா. பொன்மணி, ஆமத்தூர். செடி சேகரிச்சுக் குடுத்தவுகன்னு நன்றி போட்டுருக்கேன்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாடு முழுவதற்கும் காலண்டரும் லேபிளும் அச்சடித்துத் தள்ளுகிற சீமை இது. ஆனால் பொன்மணியின் பெயர் அதுவரை அச்சேறியது மூன்றே மூன்று இடத்தில். கல்யாணப் பத்திரிகையில் சோலைமலை மகளாக. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் ஊர்க்காவலனுக்குக் கீழே இரண்டாவது வரியாக. வாக்காளர் பட்டியலில் கணவர் ஊர்க்காவலன் என்கிற துணையோடு. கம்பெனிப் பதிவேட்டில் அவள் ஒரு எண். தனியாக, யாருடைய பெயருக்கும் பின்னால் நிற்காமல், இதோ இந்தத் தாளில்தான். அவள் அந்த எழுத்துகளைத் தொட நினைத்து, விரல் கறையை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

அந்தக் கண்ணீர் கன்னத்துக்கு இறங்குவதற்குள் விபரீதம் நடந்தது.

மேஜையின் அந்தப் பக்கம், ஒரு பீங்கான் கிண்ணத்தில், நாலாவது பைச் செடியைச் சாம்பலாக்குவதற்காக ரீனா அடுப்பின் மேல் வைத்திருந்தாள். சாம்பல் எத்தனை பங்கு என்று கணக்கு எழுத வேண்டுமாம். மாணவர்களில் யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லத் திரும்பி நின்றாள். கிண்ணத்தில் செடி பற்றிக்கொண்டது.

சுள்ளி எரிந்தால் மஞ்சள். சருகு எரிந்தால் மஞ்சள். அடுப்பங்கரையில் முப்பது வருடமாக அவள் பார்த்த எந்தச் செடியும் வேறு மாதிரி எரிந்ததில்லை. இந்தச் சுவாலையின் ஓரம் பச்சையாக இருந்தது. நடுவில் ஒரு நூல் அளவுக்கு நீலம்.

ஒரு நொடிதான். அணைந்துவிட்டது. ரீனா பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

பொன்மணிக்குத் தெரிந்தது. அந்தப் பச்சை அவள் கையால் பிடித்த பச்சை. தாமிர உப்பு. மணி மருந்து. சாக்குத்துணி. பால் தெளியாமல் நின்றது செடியால் இல்லை. அவள் நெஞ்சில் அணுகுண்டுப் பெட்டி ஒன்று சரம் சரமாக வெடித்தது. காபி குடித்துவிட்டுப் போகச் சொன்ன ரீனாவிடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஏதோ உளறிவிட்டு, படியிறங்கி ஓடிவந்துவிட்டாள்.

வீட்டில் ஊர்க்காவலனிடம் சொன்னபோது அவன் சாவகாசமாக முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீச்சருக்கு வேண்டியது பால் தெளியாமல் இருக்க வேண்டும், அது தெளியவில்லை, பிறகு என்ன அழுகை என்றான். டீச்சரும் சந்தோஷமாக இருக்கிறாள், பெயரும் அச்சாகிவிட்டது, நீயாகப் போய் ஏன் கெடுக்கிறாய் என்றும் கேட்டான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெண்சாதி முகத்தில் அத்தனை வெளிச்சத்தை அவன் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்திருக்கவில்லை. அதை அணைக்க மனசு வரவில்லை.

"ஒருவேளை உன் கண்ணுதான் அப்பிடித் தெரிஞ்சதோ என்னவோ புள்ள."

அது பொன்மணிக்குப் பிடிகொம்பாக இருந்தது. ஒருவேளை கண்தான். ராத்திரி முழுக்க அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பின்பக்கம் போனாள். ஒரு வாளி மணல், இரண்டு ஓட்டுச்சில்லு. ஒன்றில் மூன்றாவது பைக்குக் கட்டியது போக வீட்டில் மிஞ்சியிருந்த பழைய செடியில் ஒரு சிட்டிகை. இன்னொன்றில் தட்டில் காய்ந்ததில் ஒரு சிட்டிகை. இரண்டையும் பத்தடி தள்ளி வைத்தாள். ஊர்க்காவலன் பல் தேய்த்துக்கொண்டே வந்தவன், பட்டாசு மருந்து சம்பந்தப்பட்டதைப் பெண்சாதி கொளுத்தப்போகிறாள் என்று புரிந்ததும், வேப்பங்குச்சியோடு மதில் தாண்டி அந்தப் பக்கம் போய்த் தலையை மட்டும் நீட்டினான்.

முதல் சில்லில் மஞ்சள். இரண்டாவது சில்லில் பச்சை.

அவள் மறுபடி செய்தாள். மறுபடி மஞ்சள், மறுபடி பச்சை. ஏழு முறை செய்யப் பொறுமை இல்லை. மூன்றாவது தடவையோடு மணலைக் கொட்டிவிட்டு முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மதிலுக்கு அப்பாலிருந்து ஊர்க்காவலன் மெதுவாகச் சொன்னான்.

"எனக்கே பச்சையாத்தான் தெரியுது."

அவன் வாழ்நாளில் கண்டுபிடித்த முதல் நிறம் அது.

யோசித்துப் பார்த்தால் பொன்மணியையும் அவள் புருஷனையும் தவிர இந்த ரகசியம் யாருக்கும் தெரியாது. சீனிச்சாமி தட்டே தரவில்லை. ரீனாவுக்குத் தாமிரச் சுவாலை தெரியாது. மதுரைக் கருத்தரங்கில் உட்காரப்போகிறவர்கள் சாக்குத்துணியைக் கண்டார்களா? வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் அச்சில் நிற்கும். திறந்தால் அந்தக் கட்டுரை போகும், கட்டுரையோடு கடைசிப் பக்கமும் போகும், ரீனா அவளை அக்கா என்று கூப்பிடுவதும் போகும். ஆனால் நாளைக்கு வேறு ஊரில் வேறு ஒரு ரீனா இந்தக் கட்டுரையை நம்பி, மழைக்குப் பின் செடி பறித்து, வருஷக்கணக்காய்ப் பால் தெளியத் தெளியப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாளே? உருவாத திரியை உருவினதாகச் சொன்னால், வெடிக்கிறபோது யார் கை போகும்?

திங்கட்கிழமை காலை ஏழரை பஸ்ஸில் ஏறினாள். டிபன் டப்பாவுக்குள் மூன்று பொட்டலம். ஒன்றில் பழைய செடி, ஒன்றில் தட்டுச் செடி, மூன்றாவதில் தட்டின் ஓரத்தில் வெட்டியெடுத்த கைக்குட்டை அளவுச் சாக்குத்துணி. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

ரீனா வகுப்பு முடிந்து வந்தபோது, ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வெறுங்காலோடு பொன்மணி நின்றாள். மருந்து வேலை செய்யப் போகும் இடத்துக்கு அவள் அப்படித்தான் போவாள்.

"டீச்சர், என் பேரை அடிச்சுருங்க," என்றாள். வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்து வந்த எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, பூந்துடைப்பம், கழுவாதது, பச்சை. சீனிச்சாமியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. தட்டைத் தானே எடுத்ததாகச் சொன்னாள். அடுப்பில் இரண்டு சிட்டிகையையும் காட்டினாள். ரீனாவின் முகம் மஞ்சளைப் பார்த்தபோது ஒரு மாதிரியும் பச்சையைப் பார்த்தபோது வேறு மாதிரியும் இருந்தது. அப்படியே பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். அவள் உதடு துடித்ததைப் பார்த்த பொன்மணிக்கு, இதற்குப் பதிலாகத் தன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையே என்று இருந்தது.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு ரீனா எழுந்தாள். சாக்குத்துணித் துண்டை எடுத்து, செடியே இல்லாமல், அதை மட்டும் சாரம் எடுக்கிற திரவத்தில் ஊறவைத்தாள். வடிகட்டினாள். பால் குழாயில் விட்டாள். நொதியைச் சேர்த்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குழாயையே பார்த்தார்கள். கால் மணி நேரம். அரை மணி நேரம்.

பால் தெளியவில்லை. வெறும் சாக்குத்துணி கத்தரியைக் கொன்றுவிட்டது.

ரீனாவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், அப்புறம் வாயால், கடைசியில் கண்ணீரும் சிரிப்புமாக மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடப் படிப்பை ஒரு கோணிச் சாக்கு தோற்கடித்துவிட்டதே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொன்மணிக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தாள்.

"சனிக்கிழமைக்கு அஞ்சு நாள் இருக்குக்கா," என்றாள் ரீனா நனைந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. "மழைச் செடி இன்னும் மடையில நிக்கிதா?"

அன்று சாயங்காலமே பொன்மணி சேற்றில் இறங்கினாள். ஊர்க்காவலன் கேட்காமலே கட்டிலைக் காலி செய்தான். கூரை ஒழுகும் இடத்தில் லோடு வண்டித் தார்ப்பாயை ஏற்றிக் கட்டினான். அக்கம்பக்கத்தில் இரண்டு மின்விசிறி இரவல் வாங்கிவந்து, செடிக்குக் காற்று வீசவிட்டுத் தான் வேர்வையில் கிடந்தான். சீனிச்சாமியிடம் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஓரத்தில் சாக்கு வெட்டியிருப்பதைப் பார்த்து அவர் முகம் கடுத்தது. ஆனால் தராத தட்டை வெட்டியதற்கு எப்படிச் சண்டை போடுவது என்று தெரியாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ராத்திரி செடி காய்ந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுப் போன் அடித்தது. மழைச் செடியும் பழைய மூன்று பைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்றாள் ரீனா. இரண்டு மடங்கும் இல்லை, ஒரு மடங்கும் கூடவில்லை. ஆனால் சத்து இருக்கிறது. பால் மெதுவாகத்தான் தெளிகிறது. கத்தரி மாட்டத்தான் செய்கிறது. அது மட்டும் நிஜம்.

"அப்ப நாளைக்கு மதுரைக்குப் போறீகளா டீச்சர்?"

"போறேன். சின்ன உண்மையா இருந்தாலும் சொல்லிட்டு வாறேன்."

போனாள். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கினார்கள் என்று வந்து சொன்னாள். சாக்குத்துணிக் கதைக்கு மட்டும் எல்லோரும் விழித்துக்கொண்டு, டீ நேரத்தில் சூழ்ந்து நின்று கேட்டார்களாம்.

பிஎச்.டி. முடிய இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை மாதம் ஒரு பை, கயிற்றுக்கட்டிலில் காய்ந்தது. 2009ஆம் ஆண்டு வைகாசியில், கனத்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரீனா ஆமத்தூருக்கு வந்தாள். பொன்மணி கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு வந்தாள். கறை போகவில்லை. ரீனா பரவாயில்லை என்று விரலைப் பிடித்து இழுத்து அந்த வரியின் மேலேயே வைத்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் ஒரு தடவை. உள்ளே, எப்படிச் செய்தோம் என்று விவரிக்கும் அத்தியாயத்தில் இன்னொரு தடவை: நாலாவது மாதிரியில் உலோகக் கலப்பு இருந்ததைச் சுவாலையின் நிறத்தை வைத்துக் கண்டறிந்தவர், பொன்மணி, மணி மருந்துத் தொழிலாளி, ஆமத்தூர்.

தப்புச் செய்தவள் என்று எங்கேயும் இல்லை. கண்டறிந்தவர் என்று இருந்தது.

ஊர்க்காவலன் புத்தகத்தை வாங்கி, ஆங்கிலம் தெரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, பெண்சாதி பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினான். அதற்கு முன்னும் பின்னும் தேடினான். பக்கத்தைத் திருப்பி அடியிலும் பார்த்தான்.

"ஏன் டீச்சர், ரேஷன் கார்டுல, ஓட்டு லிஸ்டுலயெல்லாம் இவளுக்குப் பக்கத்துல என் பேரு இருக்குமே. இதுல எங்க காணோம்?"

ரீனா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பொன்மணி புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீங்க செடி பறிச்சீகளா?"

"கட்டிலக் குடுத்தேன்ல?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். நியாயம்தான் என்று பட்டது. இருந்தாலும் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை.

"அடுத்த புத்தகத்துல கட்டிலுக்கு நன்றி போடச் சொல்றேன்," என்றாள். டீச்சருக்குக் காபி போட உள்ளே போனவள் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோனாள்.